வாசகர் கேள்வி: மணலுக்கு அடியிலிருந்து எழும் ஓடை

போன இதழில் ஒரு வாசகர், நடந்த இடங்களிலேயே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது எது என்று கேட்டிருந்தார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்துக்கு நடுவே வற்றாமல் ஓடும் அரவைப்பா கிரீக், அது ஓடும் கேன்யன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். சோம்பல்தான் காரணம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், வழக்கமாக ஒரு முழுப் பகுதிக்கு வருவதைவிட அதிகம். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை, ஓடை மட்டும்.

எங்கள் ஊரில் கிரீக் என்றால் உப்புத் தண்ணீர், நண்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பல். பாலைவனத்துக்கு நடுவில் கடற்கழி எப்படி வந்தது?
எண்ணூர் வாசகர்

வரவில்லை. வெள்ளைக்காரர் இங்கே கடல் உள்ளே புகுந்து கிடக்கும் கழிக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனார், அமெரிக்காவில் அதே சொல் ஆற்றைவிடச் சிறிய எந்த ஓடைக்கும் ஆகிவிட்டது. நான் ஓடை என்றே எழுதியிருக்கலாம்.

கேன்யனுக்குத் தமிழில் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார், அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பள்ளத்தாக்கு என்றால் அகன்றதும் அதுதான், ஒடுங்கியதும் அதுதான். கொடைக்கானல் சரிவில் வெள்ளகெவி என்று ஓர் ஊர் இருக்கிறதல்லவா, அந்தக் கெவிதான் நான் தேடிய சொல். கெவி என்று எழுதினால் பாதிப் பேருக்கு மாதா கெபி நினைவுக்கு வரும், பரவாயில்லை. இந்தப் பதில்களில் பாறைச் சுவருக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பகுதியைக் கெவி என்றும், அதற்கு மேலே, ஓடை வரும் வழியில் இருக்கும் அகன்ற வெளியைப் பள்ளத்தாக்கு என்றும் எழுதப்போகிறேன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் இந்த ஓடை பிடிபடாது.

அரிசோனா வரைக்கும் போய்விட்டு, கிராண்ட் கேன்யனை விட்டுவிட்டு, அரவை மில் மாதிரிப் பெயர் வைத்த ஏதோ ஓடைக்கா போவார்கள்?
சேலம் வாசகி

கிராண்ட் கேன்யனுக்கும் போனேன் அம்மா. விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கூட்டத்தோடு படம் எடுத்துக்கொண்டேன், கிட்டத்தட்ட ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு நூல் மாதிரித் தெரிந்தது. பிரமாதம்தான். ஆனால் அது கோபுரத்தைத் தெருவில் நின்று பார்ப்பது போல. அரவைப்பாவுக்கு வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க விளிம்புச் சாலை ஏதும் கிடையாது. உள்ளே இறங்கி, தண்ணீரிலேயே நடந்தால்தான் உண்டு.

டூசான் நகரத்துக்கு வடகிழக்கே நேர்கோட்டில் 80 கி.மீ. அளவில் கலியூரோ என்று ஒரு மலைத்தொடர், அதன் வடபகுதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடை போகிறது. கெவியின் நீளம் 11 மைல், அதாவது 18 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சுவர் சில இடங்களில் 1,000 அடி வரை எழும்புகிறது. 1984-ல் இதை வில்டர்னஸ் என்று சட்டப்படி அறிவித்தார்கள், 1990-ல் எல்லையை விரித்து 19,410 ஏக்கர் ஆக்கினார்கள். அந்த வகை இடத்தில் சாலை போடக் கூடாது, மோட்டார் வண்டி நுழையக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது. போட்டு வைத்த நடைபாதையும் இல்லை, மைல்கல்லும் இல்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பக்கவாட்டில் வந்து சேரும் கிளைக் கெவிகளை எண்ணித்தான் தெரியும். ஹார்ஸ் கேம்ப் என்ற கிளை வந்தால் ஏறக்குறைய பாதி வழி. நரகக்குழி என்று பொருள்படும் ஹெல் ஹோல் என்றுகூட ஒரு கிளை உண்டு, பெயருக்குத்தான் நரகம், உள்ளே போனால் நிழலும் குளிர்ச்சியும்.

மேற்கு வாசலில் இருந்து கிழக்கு வாசலுக்கு நடந்தால் 11 மைல். காரில் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஒரு கணக்கு அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும் என்று நினைக்கிறேன்.

பாலைவனம் என்கிறீர்கள், ஓடை வற்றுவதே இல்லை என்கிறீர்கள். மழையே இல்லாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் வைகையில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான்.
மானாமதுரை வாசகர்

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இதுதான், பதிலில் பாதி உங்கள் ஊர் மணலிலேயே இருக்கிறது. கோடையில் வைகை மணலைக் கையால் தோண்டி, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே செய்தும் இருப்பீர்கள். ஆறு வறண்டு போகவில்லை, கீழே இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அரவைப்பாவிலும் அதேதான். என்ன, அங்கே தோண்டுகிற வேலையை ஆள் செய்வதில்லை, பாறை செய்கிறது.

எப்படி என்றால், கெவிக்கு மேலே, தென்கிழக்கே, ஓர் அகன்ற பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. மேற்கே கலியூரோ மலை, கிழக்கே சான்டா தெரேசா, பினலேனோ மலைகள். பினலேனோவின் உச்சியான மவுன்ட் கிரகாம் 3,267 மீட்டர், நம் ஆனைமுடியைவிட உயரம், குளிர்காலத்தில் பனி படியும். பள்ளத்தாக்கில் பெய்யும் மழை சென்னைக்குப் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மலைகளில் அதைவிடக் கூடுதலாகப் பெய்கிறது, பனியும் மெல்ல உருகுகிறது, அந்தத் தண்ணீர் மலையடிவாரத்துச் சரளையில் இறங்கிக் காணாமல் போகிறது. பள்ளத்தாக்கின் தரை நாம் நினைப்பதுபோல் தரை இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக மலையில் இருந்து உதிர்ந்து வந்த கல்லும் மணலும் களியும் நிரம்பிய ஆழமான தொட்டி அது. தண்ணீர் அதற்குள் மெதுவாக வடமேற்கு நோக்கி நகர்கிறது. கெவியின் வாசலுக்கு வரும்போது தொட்டி முடிந்துவிடுகிறது. மணலும் சரளையும் மெலிந்து, அடியில் கெட்டிப் பாறை மேலெழுந்து, இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி, நிலத்தடித் தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லாமல் மேலே வந்துவிடுகிறது.

கிளான்டைக் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அலாஸ்காப் பக்கம் தங்கம் தேடிப் போய்த் திரும்பியவர்கள் வைத்த பெயர். அங்கே ஓடையின் குறுக்கே நின்றால் பெரும்பாலான நாட்களில் காலடியில் வெள்ளை மணல்தான், செருப்பில் தூசி. கீழே போகப் போக மணல் ஈரமாகிறது, அப்புறம் ஒரு குட்டை, குட்டைக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு கசிவு, பிறகு சலசலவென்று சத்தம். கெவிக்குள் நுழையும்போது கணுக்காலுக்கு மேலே தண்ணீர். மழை ஒரு சொட்டு விழவில்லை, வேறு ஆறு எதுவும் வந்து கலக்கவில்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது யாரோ மேலே மதகைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு தனியாக முடிந்துவிடுவதில்லை. தெற்கே ஒரே நீளமான தாழ்வாக மெக்சிகோ எல்லைவரை போகிறது, வரைபடத்தில் பார்த்தால் ஒரே வாய்க்கால் போல இருக்கும். ஆனால் தண்ணீர் மூன்று வழி. வடக்கே விழுந்த மழை அரவைப்பா ஓடைக்கு வருகிறது. நடுவில் விழுந்தது வில்காக்ஸ் என்ற உப்புத் தரவைக்குப் போய் வெயிலில் ஆவியாகிறது, அங்கிருந்து வெளியே போக வழியே கிடையாது. தெற்கே விழுந்தது மெக்சிகோவுக்குள் போய்விடுகிறது. நடுவில் பெரிய மலை எதுவும் பிரிக்கவில்லை. காரில் போனால் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்றே தெரியாத ஒரு மேடு, அவ்வளவுதான் எல்லை.

இதனால்தான் ஓடையைப் பற்றிக் கேட்கிறவர்களை நான் கெவியைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள் என்கிறேன். சட்டம் காப்பது நடுவில் உள்ள பாறைப் பகுதியை. தண்ணீர் சேர்வது அந்த எல்லைக்கு வெளியே, மாடு மேயும் புல்வெளிக்கு அடியில். பக்கத்து வில்காக்ஸ் படுகையில் ஆழ்துளைக் கிணறு மேல் கிணறாகப் போட்டு, வீட்டுக் கிணறுகள் வற்றி, கடைசியில் 2024 டிசம்பரில் அரிசோனா அரசு நிலத்தடி நீரை எடுப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு மேடு தள்ளி இந்தப் பக்கம் அதே போல் இறைத்தால் கெவிக்குள் ஒரு கல்லைக்கூட யாரும் தொடாமல் ஓடை நின்றுபோகும். கோவையிலும் திண்டுக்கல்லிலும் ஆயிரம் அடி போர் போட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலை குறுக்கே நின்றால் ஆறு சுற்றிக்கொண்டு போகும் என்றுதான் பள்ளியில் படித்தேன். இது மலையையே அறுத்துக்கொண்டு போவானேன்?
தர்மபுரி வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, தண்ணீர் அந்த இடத்துக்கு வந்தபோது நிலம் இப்போது இருப்பது போல் இல்லை, அதுதான் விஷயம். அரிசோனாவின் தென்பகுதி முழுவதும் நிலம் இழுபட்டுப் பாளம் பாளமாக உடைந்து, ஒன்று மேலே நின்று மலையாகவும் அடுத்தது கீழே இறங்கித் தாழ்வாகவும் ஆன பிரதேசம். இப்படி இறங்கிய தாழ்வுகள் பலவும் ஒரு காலத்தில் வடிகால் இல்லாத தொட்டிகள்தான். மலை உதிர உதிர அவை நிரம்பிக்கொண்டே வந்தன. போதுமான அளவு நிரம்பி, ஏதோ ஓர் ஓரத்தில் பக்கத்துத் தாழ்வுக்கு வழி கிடைத்துவிட்டால் அப்புறம் தண்ணீரை நிறுத்த முடியாது. இங்கே மேற்கே இருக்கும் சான் பெட்ரோ ஆற்றுப் பள்ளம் மிகவும் தாழ்வானது. கிளான்டைக் ஏறக்குறைய 3,450 அடியில் இருக்கிறது, கெவியின் மேற்கு வாசல் 2,600 அடி சொச்சம், ஓடை சான் பெட்ரோவில் சேரும் இடம் அதற்கும் கீழே. இந்த இறக்கம்தான் ஓடைக்கு வேகம் கொடுத்தது, அது சுமந்து வந்த கல்லும் சரளையும் ரம்பத்துக்குப் பல் கொடுத்தன. வெளியே போக வழி கிடைக்காமல் அப்படியே நின்றுபோன தொட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மேலே சொன்ன வில்காக்ஸ்தான், வடிகால் இல்லாமல் இன்றைக்கும் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

அறுபட்ட பாறையில் பெரும்பகுதி எரிமலை கொட்டியது, இரண்டரைக் கோடி ஆண்டுக்கு முன்பு, கொஞ்சம் முன்பின்னாக. லாவா ஒரு அடுக்கு, சூடான சாம்பல் விழுந்து தன் சூட்டிலேயே இறுகிக் கல்லானது ஒரு அடுக்கு, பிறகு கூழாங்கல்லும் மணலும் சேர்ந்து இறுகியது ஒரு அடுக்கு. இறுகிய சாம்பல் கெட்டியானது, செங்குத்தாக நிற்கும். மெத்தென்ற அடுக்கு சரிந்து படியாகும். அதனால் சுவர் ஒரே வெட்டாக இல்லாமல் சுவர், படி, சுவர், படி என்று ஏறுகிறது, நிறமும் செங்காவி, பழுப்பு, வெளிர் மஞ்சள் என்று மாறிக்கொண்டே போகிறது. கிளைக் கெவிகளில் எப்போதாவதுதான் வெள்ளம் வரும், அறுக்கிற வேலையும் மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம் போல ஒடுக்கம்.

தண்ணீரைக் குடிக்கலாமா?
கரூர் வாசகி

தெளிவாகத்தான் இருக்கும், ஆனாலும் காய்ச்சியோ வடிகட்டியோதான். மேலே மாடு மேய்கிறது. கிளான்டைக் பக்கம் ஈயமும் துத்தநாகமும் எடுத்த காலத்துச் சுரங்கக் கழிவு மேடும் ஓடைக்கரையில் இருந்தது.

அரவைப்பா எந்தத் திணை? பாலையா, குறிஞ்சியா? வகுப்பில் விவாதம் ஆகிவிட்டது.
தஞ்சாவூர் கல்லூரி மாணவி

உங்கள் ஆசிரியரிடம் என்னை மாட்டிவிடாதீர்கள். ஆனால் கேள்வி சும்மா கேட்டதில்லை, ஏனென்றால் அங்கே நின்றால் இரண்டு திணை ஒரே பார்வையில் விழும். ஓடைக்கரையில் காட்டன்வுட், சைக்கமோர், வில்லோ, ஆஷ் என்று பெரிய பெரிய மரங்கள், அடர்ந்த நிழல். காட்டன்வுட் என்றதும் பருத்தி என்று நினைக்க வேண்டாம், நம் இலவம்பஞ்சு மாதிரி விதையோடு பஞ்சு பறக்கும், வசந்தத்தில் ஓடை மேல் வெள்ளையாக மிதந்து போகும். அங்கிருந்து முப்பது அடி மேலே ஏறுங்கள், மரம் காலி. சவாரோ என்ற ஆள் உயரத்தைப்போல் ஆறேழு மடங்கு வளரும் கள்ளி கை தூக்கி நிற்கிறது, கீழே முள், கல், அனல். மருதத்துக்கும் பாலைக்கும் நடுவே கல்லெறி தூரம்கூட இல்லை.

கவனித்துப் பார்த்தால் இன்னும் ஒரு நுணுக்கம். ஓடை மேற்கே ஓடுவதால் ஒரு சுவர் தெற்கு பார்த்தும் எதிர்ச்சுவர் வடக்கு பார்த்தும் நிற்கின்றன. சவாரோவுக்கு உறைபனி ஆகாது, குளிர்கால வெயில் விழும் தெற்கு பார்த்த சுவரில்தான் அதற்குக் கொண்டாட்டம். எதிரே நிழல் சுவரில் வேறு செடிகள். சூரியன் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்தால் திசைகாட்டி இல்லாமலே திசை தெரிந்துவிடும். செம்மறியின் காட்டு உறவான பிக்ஹார்ன் ஆடுகள் அந்தப் பாறை விளிம்புகளில் நிற்கும், நான் பார்த்தது இரண்டு, அதுவும் அவை என்னைப் பார்த்து முடித்த பிறகுதான் நான் பார்த்தேன்.

நாங்கள் மலையடிவாரத்துக்காரர்கள். மேலே கறுத்தால் அருவிப் பக்கம் போகாதே என்பார்கள். அங்கே காட்டாற்று வெள்ளம் உண்டா?
தென்காசி வாசகர்

உண்டா என்றா கேட்கிறீர்கள்! ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு சுமார் 1,400 சதுர கி.மீ. அத்தனை இடத்தில் விழும் மழையும் கடைசியில் அந்த ஒடுக்கத்துக்குள்தான் வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் மழை ஒன்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழை ஒன்று, இந்த இரண்டாவதை அங்கேயும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள், முதல்முறை வானொலியில் கேட்டபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அந்த இடிமழை ஒரு மலையில் கொட்டும், பக்கத்து மலையில் வெயில் காயும். உங்கள் தலைக்கு மேல் நீல வானம், 40 கி.மீ. தள்ளிக் கொட்டிய மழை வளைவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். 1983 அக்டோபரில் தெற்கு அரிசோனா முழுக்கப் பெருவெள்ளம் வந்தபோது இந்த ஓடையும் பொங்கிக் கரையோர மரங்களை வேரோடு வாரிக்கொண்டு போனது. 2006 ஜூலைக் கடைசியில் மறுபடியும். பழைய வெள்ளத்தில் வந்த கட்டைகள் மரக்கிளைகளுக்கு நடுவே, நின்று பார்த்தால் தலைக்கு மேலே, சிக்கிக்கொண்டு நிற்கின்றன. கூடாரம் போடும் முன் அவற்றை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும், எவ்வளவு மேட்டில் போட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளம் கெட்டது மட்டுமே என்று நினைக்காதீர்கள். காட்டன்வுட் விதை முளைக்க வெள்ளம் வழித்துவிட்டுப் போன ஈர மணல் வேண்டும். ஒரே வயசு மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் அது ஏதோ ஒரு வெள்ளம் விட்டுப்போன வரிசை.

ஓடை கடைசியில் கடலுக்குப் போகிறதா?
நாகப்பட்டினம் வாசகர்

வரைபடத்தில் போகிறது. சான் பெட்ரோ, அப்புறம் கீலா, அப்புறம் கொலராடோ, அப்புறம் கலிபோர்னியா வளைகுடா. நிஜத்தில், கெவியை விட்டு மேற்கே வெளியே வந்து கொஞ்ச தூரம் போனதுமே, சான் பெட்ரோவைத் தொடும் முன்பே, வந்த மாதிரியே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. வெள்ளக் காலத்தில்தான் மேலே ஓடிப் போய்ச் சேரும். எண்ணூர்க்காரர் நிம்மதியாக இருக்கலாம்.

ஓடையில் மீனுக்காக அணை கட்டியிருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அணை கட்டினால் மீன் சாகும் என்றுதானே சொல்வார்கள்?
மேட்டூர் வாசகர்

இங்கே தலைகீழ். அரவைப்பாவில் அந்த மண்ணுக்கே உரிய மீன் வகைகள் 7 இன்னும் பிழைத்திருக்கின்றன, அரிசோனாவில் இப்படி ஓடைகள் மிகக் குறைவு. அவற்றில் ஸ்பைக்டேஸ், லோச் மின்னோ என்று விரல் நீளத்துக்கு இரண்டு மீன்கள், கீலா ஆற்றுப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. 2012-ல் அமெரிக்க அரசு இரண்டையும் அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலுக்கு ஏற்றியது. கொலராடோ ஆற்றில் இருந்து பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் 336 மைல் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தபோது, அந்தத் தண்ணீரோடு வெளியூர் மீன்களும் வரலாம் என்ற பயம் வந்தது. அதில் முக்கியமானது ரெட் ஷைனர், தூண்டிலில் இரைக்குப் போடும் மீன், புகுந்த இடத்தில் மற்றதைத் தலையெடுக்க விடாது. நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் 2001-ல் கெவிக்குக் கீழே ஓடையின் குறுக்கே குட்டையாக இரண்டு கான்கிரீட் தடுப்புகள் கட்டினார்கள். தண்ணீரைத் தேக்க இல்லை, கீழிருந்து மீன் ஏறாமல் இருக்க. மணலுக்குள் ஓடை மறையும் அந்த வறண்ட துண்டும் இதே வேலையைத்தான் முன்பிருந்து செய்துகொண்டிருந்தது, ஆனால் வெள்ளம் வந்தால் அந்தக் கதவு திறந்துகொள்ளும் அல்லவா?

மனிதர் கால் படாத காடு என்கிறார்களே, நிஜமாகவே அங்கே யாரும் வாழ்ந்ததில்லையா?
புதுச்சேரி வாசகி

வாழ்ந்தார்கள். கிழக்கு முனைக்குப் பக்கத்தில் டர்க்கி கிரீக் என்ற கிளையில், பாறைக் குடைவுக்குள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சின்ன வீடு ஒன்று ஏறக்குறைய முழுசாக நிற்கிறது, சலாடோ என்று ஆய்வாளர்கள் அழைக்கும் மக்கள் கட்டியது. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து இது அரவைப்பா அப்பாச்சி என்ற பழங்குடியினரின் ஊர். ஓடை வெளியே வரும் பக்கத்தில் வயல் போட்டார்கள், மலையில் கற்றாழை சுட்டுத் தின்றார்கள். தங்கள் மொழியில் அங்கே ஓர் இடத்துக்குப் பெரிய சைக்கமோர் மரம் நிற்கும் இடம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1871-ன் தொடக்கத்தில், ஓடை சான் பெட்ரோவில் சேரும் இடத்தில் இருந்த கேம்ப் கிரான்ட் ராணுவ முகாமுக்கு எஸ்கிமின்சின் என்ற தலைவர் தன் மக்களோடு வந்து சமாதானம் கேட்டார். ராயல் விட்மன் என்ற லெப்டினன்ட் சம்மதித்தார். ஓடைக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு, முகாமுக்குப் புல் அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தார்கள். ஏப்ரல் 30 விடியற்காலையில், டூசானில் இருந்து வந்த கூட்டம், வெள்ளையரும் மெக்சிகோ வழியினரும் டொஹோனோ ஓடம் பழங்குடியினருமாக, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது. செத்தவர்கள் நூற்றுக்கு மேல், 144 என்றும் ஒரு கணக்கு. கிட்டத்தட்ட எல்லாரும் பெண்களும் குழந்தைகளும், ஆண்களில் பெரும்பாலோர் வேட்டைக்குப் போயிருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த டிசம்பரில் டூசானில் 100 பேர் மீது வழக்கு நடந்தது, ஜூரிகள் 19 நிமிடம் பேசிவிட்டு எல்லாரையும் விடுதலை செய்தார்கள். பிழைத்த அப்பாச்சிகளை வடக்கே சான் கார்லோஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆக, யாருமில்லாத காடு என்று இன்று நாம் பார்க்கும் அமைதியில் ஒரு பகுதி அப்படி வந்தது. கெவிக்குள் நடந்தபோது எனக்கு இது தெரியாது, திரும்பி வந்து படித்தேன். தெரிந்து போயிருந்தால் மேற்கு வாசலுக்குப் போகும் அந்த மண் சாலையில் வண்டியை அவ்வளவு அவசரமாக ஓட்டியிருக்க மாட்டேன்.

ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதியாமே. இயற்கை என்ன பணக்காரர் சொத்தா?
திருப்பூர் வாசகர்

கோபம் புரிகிறது, ஆனால் இது பணத்தால் வந்த கட்டுப்பாடு இல்லை, கட்டணம் சொற்பம். மேற்கே 30 பேர், கிழக்கே 20 பேர், முன்பதிவில் யார் முந்துகிறாரோ அவருக்கு. எனக்கே இரண்டு தடவை கிடைக்கவில்லை, மூன்றாவது தடவைதான் போனேன். அங்கே நடப்பது ஓடையின் மேல், ஒவ்வொரு காலடியும் மீன் முட்டை ஒட்டியிருக்கும் கூழாங்கல் மேல். ஐந்நூறு பேர் நடந்தால் என்ன ஆகும்? நாய்க்கும் அனுமதி இல்லை. நம் அருவிகளில் ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு நுரை மிதப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு விதியை நான் மனதார ஆதரிக்கிறேன், திட்டுவதானால் திட்டுங்கள்.

மகன் டூசானில் படிக்கிறான். இதைப் படித்துவிட்டுப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
விருதுநகர் வாசகி

தாராளமாக, தனியாக மட்டும் வேண்டாம். இடிமழை மாதங்களை விட்டுவிட்டு ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் போகச் சொல்லுங்கள். மேற்கு வாசல் சாதாரணக் காருக்குச் சரிப்படும். கிழக்கே போனால் ஓடையையே சில இடங்களில் வண்டியோடு கடக்க வேண்டும், உயரமான வண்டி இல்லாமல் முடியாது. உள்ளே போன் எடுக்காது, ஆகவே எப்போது திரும்புவான் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் கூட்டியே கணக்குப் போடுங்கள். செருப்பு ஆகவே ஆகாது. வலை போட்ட ஷூவும் ஆகாது, நான் அதைப் போட்டுப் போய் சரளை உள்ளே புகுந்து அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து கொட்டிக்கொண்டிருந்தேன். பழைய கயிறு கட்டும் ஷூ, மொத்தமான சாக்ஸ், கையில் ஒரு கழி. நேரம் கிடைத்தால் இன்னொரு நாள் கிளான்டைக் பக்கமும் போய், ஓடை வறண்டு கிடக்கும் இடத்தில் இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போக அனுமதிச் சீட்டு தேவையில்லை, பார்க்க வருகிறவர்களும் யாரும் இல்லை.